வைஃபை கேமரா வாங்கியாச்சா? முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க!

வெளியூர் போனாலும் வீட்டை போன்லயே பார்த்துக்கலாம்னு வைஃபை கேமரா மாட்டுறோம். அதே கேமரா வழியா வேற யாராவது நம் வீட்டைப் பார்த்தால்?

2016-ல் 'மிராய்' என்ற மால்வேர் லட்சக்கணக்கான கேமரா, ரவுட்டர்களைக் கைப்பற்றியது. பெரிய வித்தை எதுவும் இல்லை. 'அட்மின்', '12345' மாதிரி கம்பெனியே போட்டுக் கொடுத்த 60-க்கும் மேற்பட்ட யூசர்நேம், பாஸ்வேர்டுகளை முயன்று பார்த்தது, அவ்வளவுதான். அந்தப் படையை வைத்து அக்டோபர் 21-ல் நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் தளங்களே அமெரிக்காவில் பலருக்கும் முடங்கின.

வாங்கும்போது: விலையை மட்டும் பார்க்காதீங்க. செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம் வரும்னு கேளுங்க.

மாட்டியதும்: வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டு வைங்க. ஆப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் பண்ணுங்க. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் கேமராவை அதில் இணைச்சிடுங்க. உங்க போனும் லேப்டாப்பும் தனியா இருக்கும். பெட்ரூமில் கேமரா வேண்டவே வேண்டாம்.

விற்கும்போது: ஃபேக்டரி ரீசெட் பண்ணி, ஆப்பிலிருந்தும் நீக்கிட்டுக் கொடுங்க.

முக்கியமா, கேமரா மாட்ட வந்தவரே பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்தாரா? அவர் கிளம்பியதும் மாத்திடுங்க. பூட்டு மாட்டியவர்கிட்டயே ஒரு சாவியை விட்டு வைப்போமா என்ன?