வட்டாரங்கள் தெரிவித்தன
(தொடர் – 9)

போர் முரசு கொட்டும் தலைப்புகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றைவிட, சத்தம் போடாமல் எழுதப்பட்ட செய்திகளிடம்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இந்தியாவும் பாகிஸ்தானும் முகம் கொடுத்துப் பேசாத காலங்களில், ஓர் அரசு மற்றதற்குச் சொல்ல நினைப்பதைப் பத்திரிகை வழியாகச் சொல்லும். நிருபர் தபால்காரர் ஆகிவிடுவார். பல நேரம் அது அவருக்கே தெரியாது.

1987 ஜனவரி. ராஜஸ்தான் பாலைவனத்தில் ‘பிராஸ்டாக்ஸ்’ என்ற பிரம்மாண்ட ராணுவப் பயிற்சி. நடத்தியவர் தரைப்படைத் தளபதி சுந்தர்ஜி; செங்கல்பட்டில் பிறந்த தமிழர். பயிற்சியா, படையெடுப்பா என்று சந்தேகப்பட்ட பாகிஸ்தான் தன் படைகளைப் பஞ்சாப் எல்லைப் பக்கம் நகர்த்தியது. அந்த மாதக் கடைசியில் இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் இஸ்லாமாபாத்தில் இருந்தார். ‘தி முஸ்லிம்’ நாளிதழின் ஆசிரியர் முஷாஹித் ஹுசைன் அவரை அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் வீட்டுக்கு அழைத்துப் போனார். சதா காவலுக்குள் வாழ்ந்த மனிதர் கான். அந்த வீட்டுக் கதவு ஓர் இந்தியப் பத்திரிகையாளருக்குத் திறக்கிறதென்றால், திறக்கச் சொன்னது யார்?

நய்யார் பழம் தின்று கொட்டை போட்டவர். கான் பிடிகொடுக்காமல் பேசுவதைப் பார்த்து ஒரு கதை கட்டினார். நம் அணுசக்தித் துறையின் ஹோமி சேத்னாவைச் சந்தித்ததாகவும், பாகிஸ்தானிடம் குண்டு செய்ய ஆளும் கிடையாது, பொருளும் கிடையாது என்று அவர் சொன்னதாகவும் அவிழ்த்துவிட்டார். கானுக்குக் கோபம் தலைக்கேறியது. மேஜையைக் குத்திக்கொண்டு, எங்களிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். நய்யாரே பின்னாளில் எழுதியது இது. படிக்க ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால், கோபத்தில் வாய் தவறி வந்த பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்ல நினைத்திருந்ததைச் சொல்ல அவருக்கு ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், தபால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. லண்டன் ‘அப்சர்வர்’ அதை வெளியிட்டது மார்ச் 1-ல். அதற்குள் பிப்ரவரி 4-ல் படைவிலக்க உடன்பாடு கையெழுத்தாகி, அதே மாதம் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் ஜெய்ப்பூருக்குக் கிரிக்கெட் பார்க்கவும் வந்து போய்விட்டார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கான் மறுத்தார். முஷாஹித் ஹுசைனின் ஆசிரியர் நாற்காலி பறிபோனது.

பின்னாளில் பாகிஸ்தான் அதிபரான முஷரஃபுக்கு இந்தச் சுற்றுவழியெல்லாம் தேவைப்படவில்லை. 2001 ஜூலையில் ஆக்ரா பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே, இந்தியப் பத்திரிகை ஆசிரியர்களைக் காலைச் சிற்றுண்டிக்கு அழைத்துக் காஷ்மீர் பற்றி விளாசினார். அது தொலைக்காட்சியிலும் ஓடியது.

வந்த தபாலைப் பிரித்து, உள்ளே இருப்பது நிஜமா என்று சொல்ல, அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஆள் வேண்டும். இஸ்லாமாபாத்தில் அப்படி இந்தியாவுக்கு இருந்தவை இரண்டே இடங்கள். ஒன்று பிடிஐ செய்தி நிறுவனத்துக்கு, மற்றது நம் சென்னையின் ‘தி இந்து’வுக்கு. விசா ஊர்க்கணக்கில் கொடுக்கப்படும்; இஸ்லாமாபாத்தைத் தாண்ட முடியாது. அந்தக் கூண்டுக்குள் இருந்தபடியே அந்த நிருபர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், அண்டை வீட்டாரோடு பேசினார்கள், அந்த ஊர் மக்கள் எதற்காகக் கவலைப்படுகிறார்கள் என்று எழுதினார்கள். 2014 மே மாதம் இருவரையும் ஒரு வாரத்துக்குள் கிளம்பச் சொன்னது பாகிஸ்தான். காரணம் சொல்லவில்லை.

2019 பிப்ரவரி 26 அதிகாலை பாகிஸ்தானின் பாலாகோட் மீது இந்திய விமானத் தாக்குதல். நம் வெளியுறவுச் செயலர் விஜய் கோகலேயின் அறிக்கையில், கொல்லப்பட்ட தீவிரவாதிகள் பற்றி ‘மிகப் பெரும் எண்ணிக்கை’ என்ற பொருளில்தான் வாசகம் இருந்தது, எண் இல்லை. மறுநாள் பேப்பர்களில் 300 என்றும் 350 என்றும் வந்தன. சொன்னது ‘வட்டாரங்கள்’. மரங்கள்தான் சேதம் என்றது பாகிஸ்தான் ராணுவம். தாக்குதலுக்கு இலக்கானதாகச் சொல்லப்பட்ட மதரஸாவுக்கு வெளிநாட்டு நிருபர்களை அது அழைத்துப் போனது ஏப்ரல் 10-ல், 43 நாள் கழித்து. அந்த 43 நாளில் அங்கே எது அகற்றப்பட்டது, எது இல்லவே இல்லை என்று விசாரித்து எழுத இஸ்லாமாபாத்தில் நமக்கென்று நிருபர் ஒருவரும் இல்லை.

(தொடரும்)