ஒரே பண்பு, இரண்டு வியூ

ஆண்ட்ராய்டு செயலியின் திரையில் தெரியும் பொத்தான், படம், எழுத்துப்பெட்டி எல்லாமே நிரலாளர் பேச்சில் 'வியூ'தான். அவற்றின் நிறத்தையும் அளவையும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதுகிறோம். இருக்கிற வியூக்கள் போதாதபோது நாமே புதிதாக ஒன்றைச் செய்து, அதற்கென்று தனிப் பண்புகளும் வைத்துக்கொள்ளலாம்.

வட்டமான முகப்படத்துக்கு ஒரு வியூ. பதிவிறக்கம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் வளையத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் 'ரிங்கலர்' என்ற வளைய நிறம் வேண்டும். புதிதாகக் கற்பவர் அட்டர்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஒவ்வொரு வியூவுக்கும் ஒரு 'டிக்ளேர்-ஸ்டைலபிள்' எழுதி, இரண்டிலும் ரிங்கலரை வகையோடு அறிவித்துவிடுவார். பழைய கருவிகள், இந்தப் பண்பு ஏற்கெனவே வரையறுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். ஒன்றில் நிறம், இன்னொன்றில் நீளம் என்று வகை மாறினால் இப்போதைய கருவிகளும் ஏற்பதில்லை.

பண்பு எந்த வியூவுக்கும் சொந்தமில்லை என்பதுதான் காரணம். எதற்குள் எழுதினாலும், செயலி முழுவதற்கும் அந்தப் பெயரில் ஒரே பண்புதான். தொகுக்கும்போது அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. ஸ்டைலபிள் என்பது அத்தகைய எண்களின் பட்டியல். இந்த வியூ எந்தெந்தப் பண்புகளைப் படிக்கும் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

ஆகவே ரிங்கலரை எல்லா ஸ்டைலபிள்களுக்கும் வெளியே, 'ரிசோர்சஸ்' குறிக்குள் நேராக, வகையோடு ஒருமுறை எழுதுங்கள். ஸ்டைலபிள்களுக்குள் பெயர் மட்டும் போதும், வகையைச் சொல்லும் 'ஃபார்மேட்' வேண்டாம். ஆண்ட்ராய்டின் சொந்தப் பண்பான 'ஆண்ட்ராய்டு:டெக்ஸ்ட்'டையும் இப்படியே பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். அதே வேலைக்குப் புதுப்பெயர் சூட்டுவதைவிட இதுவே மேல். அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்குப் பார்த்ததும் விளங்கும்.

நிரலில் மதிப்பைப் படிக்கும் இடத்தில் கவனம் தேவை. பண்பு ஒன்றே என்றாலும், ஒவ்வொரு பட்டியலிலும் அதன் வரிசை எண் வேறாக இருக்கலாம். முகப்பட வியூவின் வரிசை எண்ணை வளைய வியூவில் பயன்படுத்தினால் வேறு பண்பின் மதிப்பு வந்து நிற்கும். அந்தந்த ஸ்டைலபிளின் பெயரோடு சேர்ந்த எண்ணையே எடுங்கள். படித்து முடித்ததும், மதிப்புகளைத் தந்த தொகுப்பை 'ரீசைக்கிள்' செய்ய மறக்காதீர்கள்.

பண்பைப் பகிர்வதில் பெரிய லாபம், செயலியின் பொதுத் தோற்றத்தை வரையறுக்கும் தீமில் இருக்கிறது. ரிங்கலருக்கு அங்கே ஒருமுறை நிறம் கொடுத்தால், லேஅவுட்டிலோ ஸ்டைலிலோ வேறு நிறம் சொல்லாத வரை இரண்டு வியூக்களும் அதையே எடுத்துக்கொள்ளும்.

பிறர் பயன்படுத்தும் நூலகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செயலியோடு இணையும்போது உங்கள் பண்புகளும் அதே பொதுப் பெயர்வெளிக்குள்தான் வருகின்றன. பெயருக்கு முன்னால் உங்கள் நூலகத்துக்கான முன்னொட்டைச் சேர்த்துவிடுங்கள்.