இட்லித் தட்டும் பச்சை உப்பும்

பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்களிடம் டி.எம்.ஜி. என்று சொன்னாலே போதும், ஆய்வகம் நினைவுக்கு வந்துவிடும். சூடான நிக்கல் கரைசலில் டைமெத்தில் கிளையாக்சைமை ஊற்றி அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பீக்கருக்குள் ரோஜாச் சிவப்பாக வீழ்படிவு திரளும். எடை சரியாக வருமா என்ற கவலையில், அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. அதே வீழ்படிவைக் குளோரோஃபார்மில் கரைத்துப் பாருங்கள், சிவப்பு போய் மஞ்சள் வந்துவிடும். மூலக்கூறு அப்படியேதான் இருக்கிறது. கலைந்தது அடுக்கு.

இந்த மூலக்கூறு தட்டையானது. நடுவில் நிக்கல், அதைச் சுற்றி ஒரே தளத்தில் நான்கு நைட்ரஜன். திண்மத்தில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும் விதம் இட்லித் தட்டுகளைப் போன்றது. தண்டில் கோக்கும்போது, மேல்தட்டின் குழி கீழேயுள்ள இட்லியை அமுக்காதபடி தட்டைக் கொஞ்சம் திருப்பி வைப்போம் அல்லவா? படிகமும் அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு மூலக்கூறும் அடியிலுள்ளதிலிருந்து 90 பாகை திரும்பியிருக்கும். ஒரே வேறுபாடு, இங்கே தண்டு தனியாக இல்லை. நிக்கல் அணுக்களே 3.25 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் வரிசைகட்டித் தண்டாகின்றன. (ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்கிட்டால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்.)

இதைவிட வேடிக்கையான கதை பிளாட்டினத்துடையது. 1828இல் ஹைன்ரிக் குஸ்டாவ் மேக்னஸ் என்ற ஜெர்மானிய வேதியியலர் கண்ட உப்பு அது. நான்கு குளோரின் சூழ்ந்த பிளாட்டின அயனி சிவப்பு. நான்கு அம்மோனியா சூழ்ந்த பிளாட்டின அயனிக்கு நிறமே இல்லை. இரண்டையும் கலந்தால் விழுவதோ பச்சை! எதிரெதிர் மின்சுமை கொண்ட இந்தத் தட்டைகள் மாறி மாறி அடுக்கப்படுகின்றன. இங்கேயும் உலோகங்களுக்கு நடுவே ஏறத்தாழ 3.25 ஆங்ஸ்ட்ராம்தான். தட்டைக்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான் மேகங்கள் அண்டை வீட்டு மேகங்களோடு உரசுகின்றன. அதனால் ஒளியை உறிஞ்சும் பட்டைகள் சிவப்பின் பக்கம் நகர்ந்துவிட, பச்சை மட்டும் தப்பி வெளியேறுகிறது. அதே சேர்மானத்தில் இளஞ்சிவப்பு உப்பும் உண்டு. அதில் பிளாட்டின அணுக்கள் 5 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் விலகி நிற்பதால் அந்த உரசல் இல்லை.

சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்திலும் பிளாட்டினம், குளோரின், அம்மோனியா இதே விகிதத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அது மஞ்சள். எடை விகிதத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அணுக்களை இன்னும் நெருக்கினால்? பொட்டாசியம் டெட்ராசயனோபிளாட்டினேட் படிகத்தில் பிளாட்டின இடைவெளி 3.48 ஆங்ஸ்ட்ராம். புரோமினைக் கொண்டு எலக்ட்ரான்களில் சிறு பகுதியைப் பிடுங்கினால் அது ஏறக்குறைய 2.88 ஆகச் சுருங்கும். பிளாட்டின உலோகத்திலேயே அது 2.77 தான். 1960களில் கிளாஸ் க்ரோக்மன் ஆராய்ந்த இந்த உப்பு செம்புபோல மினுங்கும். ஊசிப் படிகத்தின் நீளவாட்டில் மின்சாரம் தாராளமாகப் பாயும், குறுக்கே பாய்வது சொற்பம். குளிர்வித்தால் உலோகங்கள் இன்னும் நன்றாகக் கடத்தும். இதைக் குளிர்வித்தாலோ சங்கிலியின் சீரான இடைவெளி குலைகிறது, மின்னோட்டம் நின்றுபோகிறது.