சில்லுத்தொகுதியும் மேசைக்கணினியின் மிகைவேக இயக்கமும்

மிகைவேக இயக்கம் என்பது ஒரு செயலியை, அதன் தயாரிப்பாளர் குறித்துள்ள அதிர்வெண்ணைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் இயக்குவதாகும். பேச்சு வழக்கில் இது ஓவர்கிளாக்கிங் என்றே அறியப்படுகிறது. ஒரு மேசைக்கணினியில் இதனைச் செய்ய இயலுமா என்பதைச் செயலியும் தாய்ப்பலகையில் உள்ள சில்லுத்தொகுதியும் (சிப்செட்) சேர்ந்தே முடிவு செய்கின்றன. சில்லுத்தொகுதி தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டு வருவதால் அதனை மட்டும் பின்னர் மாற்ற இயலாது. எனவே மிகைவேக இயக்கத்தை விரும்புவோர் கணினி வாங்கும் முன்னரே சில்லுத்தொகுதியைத் தெரிவு செய்ய வேண்டும்.

அடிப்படை

செயலியின் அதிர்வெண், அடிப்படைக் கடிகார அதிர்வெண்ணைப் பெருக்கி எனப்படும் எண்ணால் பெருக்கக் கிடைப்பதாகும். எடுத்துக்காட்டாக, 2011இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5 2500கே செயலியின் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 33. ஆகவே அதன் இயல்பு வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ் ஆகும். பெருக்கியை 42 ஆக்கினால் வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ் ஆகிறது. இவ்விரு எண்களுள் ஒன்றையோ இரண்டையுமோ உயர்த்துவதே மிகைவேக இயக்கம்.

வரலாறு

1998இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியின் பெருக்கி 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. அது 66 மெகாஹெர்ட்ஸ் பாட்டையில் 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்க வேண்டியது. அதே ஆண்டு வெளிவந்த 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதியோ 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டைக்கென வடிவமைக்கப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்தோர் பாட்டையை 100 ஆக்கி, செயலியை 450 மெகாஹெர்ட்ஸில் இயக்கினர். இங்கு வரம்பு மீறியது செயலி மட்டுமே. சில்லுத்தொகுதி தன் வரம்புக்குள்ளேயே இருந்தது. முந்தைய 440எல்எக்ஸ் சில்லுத்தொகுதி 66 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது என்பதால் அதில் இவ்வாய்ப்பு இல்லை.

2011இல் வெளிவந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் நிலைமை மாறியது. செயலி, வரைகலை அட்டையின் பாட்டை, வன்தட்டு இணைப்பு ஆகிய அனைத்தும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துடன் பிணைக்கப்பட்டன. அதனைச் சில விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தினால் பிற பகுதிகள் தடுமாறின. ஆகவே பெருக்கியை மாற்றுவதே வழியாயிற்று. பெயரின் இறுதியில் 'கே' எழுத்துள்ள செயலிகளில் மட்டுமே பெருக்கி முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. அவற்றையும் பி67 அல்லது இசட்68 சில்லுத்தொகுதியுடன் இணைத்தால் மட்டுமே பயன் கிடைத்தது. எச்67, கியூ67 ஆகியவற்றில் 'கே' செயலியைப் பொருத்தினாலும் அது இயல்பு வேகத்திலேயே இயங்கும்.

ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கணினிகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி வாகனங்களுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் பெயர்பெற்றது. டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் 2007இல் கணினித் தொழிற்சாலையைத் தொடங்கியது. எச்பி நிறுவனத்தின் வணிகப் பயன்பாட்டு மேசைக்கணினிகள் அங்குள்ள பிளெக்ஸ் நிறுவனத்தின் ஆலையில் 2020 முதல் தயாரிக்கப்படுகின்றன.

அலுவலகங்களுக்கெனத் தயாராகும் இவ்வகைக் கணினிகள் பொதுவாக மிகைவேக இயக்கத்திற்கு இடந்தருவதில்லை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 990 கணினியில் கியூ67 சில்லுத்தொகுதியும், அடுத்து வந்த ஆப்டிபிளெக்ஸ் 7010 கணினியில் கியூ77 சில்லுத்தொகுதியும் இடம்பெற்றன. தொலைவிலிருந்தே பல கணினிகளை மேலாண்மை செய்யும் வசதி கியூ வரிசையின் சிறப்பாகும். ஆனால் செயலியின் பெருக்கியை உயர்த்தும் வசதி அதில் இல்லை.

இது குறைபாடு அன்று. ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான கணினிகள் பல ஆண்டுகள் பழுதின்றி ஒரே வகையில் இயங்க வேண்டும் என்பதே அலுவலகத்தின் தேவை. அதற்கேற்பவே மின்வழங்கியும் குளிர்விப்பும் அளவாக அமைக்கப்படுகின்றன.

அலுவலகங்கள் கழித்துவிட்ட இத்தகைய கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மாணவர் பலர் இவற்றை வாங்குகின்றனர். பின்னர் 'கே' செயலி ஒன்றை வாங்கிப் பொருத்தி வேகத்தை உயர்த்தலாம் என்று எண்ணுவது வீண்செலவாகும். தாய்ப்பலகையையே மாற்ற முனைந்தாலும், பல வணிகக் கணினிகளில் பலகையின் அளவும் மின் இணைப்பிகளும் பொதுத் தரத்திலிருந்து வேறுபடுவதால் பெட்டியையும் மின்வழங்கியையும் சேர்த்தே மாற்ற நேரிடும்.

சில்லுத்தொகுதி வகைகள்

இன்டெல்:
- இசட் வரிசை (இசட்690, இசட்790, இசட்890): செயலியின் பெருக்கி, நினைவக வேகம் ஆகிய இரண்டையும் உயர்த்தலாம். பெருக்கியை உயர்த்த 'கே' வகைச் செயலி தேவை.
- பி வரிசை (பி660, பி760, பி860): நினைவக வேகத்தை மட்டும் உயர்த்தலாம்.
- எச்610, எச்810: இரண்டிற்கும் இடமில்லை.

ஏஎம்டி:
- எக்ஸ் வரிசை (எக்ஸ்570, எக்ஸ்670, எக்ஸ்870), பி550, பி650, பி850: செயலி, நினைவகம் ஆகிய இரண்டின் வேகத்தையும் உயர்த்தலாம்.
- ஏ320, ஏ520, ஏ620, பி840: செயலியின் வேகத்தை உயர்த்த இயலாது.

'பி' என்னும் எழுத்து இரு நிறுவனங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. 2017இல் அறிமுகமான ரைசன் வரிசைச் செயலிகளில் பெரும்பாலானவை பெருக்கி திறக்கப்பட்டவை. எனினும் 2022இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி போன்ற விதிவிலக்குகள் உண்டு.

மின்சாரமும் வெப்பமும்

ஒரே சில்லுத்தொகுதியைக் கொண்ட இரு தாய்ப்பலகைகள் ஒரே திறன் உடையவை அல்ல. செயலிக்குரிய மின்னழுத்தத்தைச் சீராக்கும் சுற்றுகள் மலிவான பலகைகளில் குறைவாக இருக்கும். அவற்றின் மீது வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துடுப்புகள் இல்லாமலும் இருக்கலாம். அத்தகைய பலகையில் சில்லுத்தொகுதி அனுமதித்தாலும் சுமை கூடும்போது சுற்றுகள் சூடேறி வேகம் தானே குறைந்துவிடும்.

செயலி செலவிடும் மின்திறன் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. உயர்ந்த வேகத்தில் நிலையாக இயங்கப் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். இரண்டையும் 10 விழுக்காடு உயர்த்தினால் மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். அது முழுவதும் வெப்பமாகவே வெளிவரும்.

காற்றுவழிக் குளிர்விப்பான் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. முழுச் சுமையில் செயலி அறையைவிட 50 பாகை செல்சியசு கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். 22 பாகையுள்ள அறையில் அது 72 பாகையாகும். கோடையில் 38 பாகையுள்ள அறையில் அதுவே 88 பாகையாகும். இன்டெல் செயலிகள் பலவும் 100 பாகையை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. குளிர்நாட்டில் ஒருவர் எட்டிய வேகத்தைச் சென்னையில் குளிர்சாதனமில்லாத அறையில் அப்படியே எதிர்பார்ப்பது பொருந்தாது.

உத்தரவாதம்

மிகைவேக இயக்கத்தால் ஏற்படும் சேதத்தை இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் வழக்கமான உத்தரவாதம் ஏற்பதில்லை. இதற்கென இன்டெல் 2012இல் தனிக் காப்புத் திட்டம் ஒன்றைக் கட்டணத்துடன் அறிமுகப்படுத்தி, 2021இல் நிறுத்திக்கொண்டது.

தெரிவு செய்யும் முறை

முதலில் தேவையை உறுதி செய்தல் வேண்டும். செயலியின் வேகமே தடையாக உள்ள பணிகளில்தான் மிகைவேக இயக்கம் பலன் தரும். பின்னர் செயலியின் பெருக்கி திறந்ததா என்பதையும், அதற்கேற்ற சில்லுத்தொகுதியையும், அச்சில்லுத்தொகுதியைக் கொண்ட பலகைகளுள் மின்சீராக்கம் சிறந்ததையும் இவ்வரிசையில் தெரிவு செய்யலாம். குளிர்விப்பானுக்கும் மின்வழங்கிக்கும் ஆகும் கூடுதல் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சில வேளைகளில் அக்கூடுதல் தொகைக்கு, இயல்பிலேயே ஒரு படி உயர்ந்த செயலியையே வாங்கிவிட முடியும். பழைய அலுவலகக் கணினியை வைத்திருப்போர், வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தி, நினைவகத்தையும் கூட்டினால், சில்லுத்தொகுதி எதுவாயினும் அன்றாடப் பணிகளில் வேறுபாட்டை உணரலாம்.