வண்டி தயார், விதி எங்கே?

எதிர்கால வாகனங்களை உருவாக்குவதில் பெங்களூர் சளைக்கவில்லை. அவற்றை எந்த இனத்தில் சேர்ப்பது என்பதில்தான் அரசு தடுமாறுகிறது.

பறக்கும் டாக்ஸி பற்றிக் கருத்துச் சொல்ல பெங்களூர்வாசிகள் தயங்குவதில்லை. சில்க் போர்டு சந்திப்பில் நின்று நின்று கால் கடுத்தவர்களுக்கு அந்த உரிமை நிச்சயம் உண்டு. முதலில் சாலையில் உள்ள குழிகளை மூடட்டும் என்பது ஒரு கட்சி. வந்தால் முதல் ஆளாக ஏறிக்கொள்ளத் தயார் என்பது எதிர்க்கட்சி. டீக்கடையிலும் அலுவலக கேன்டீனிலும் விவாதம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஊசலாடுகிறது.

பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நகரைச் சேர்ந்த சர்லா ஏவியேஷன் நிறுவனம் 2025 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் 'சூன்யா' என்ற மின்சாரப் பறக்கும் டாக்ஸியின் மாதிரியை நிறுத்தி வைத்தது. 6 பேர் வரை ஏறலாம். செங்குத்தாக எழும்பும், செங்குத்தாகவே இறங்கும். 2028-ல் பெங்களூரில் சேவையைத் தொடங்குவது இலக்கு. விமான நிலையத்துக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே 50 கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்து செல்லும் நகரத்துக்கு இது ஆசை காட்டும் அறிவிப்புதான்.

ஆனால் இரண்டு கட்சிகளுமே கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. சட்டத்தின் கண்ணில் இது என்ன? விமானமா, ஹெலிகாப்டரா, டாக்ஸியா? இது வெறும் பெயர் சூட்டும் விஷயமாகத் தோன்றலாம். ஒரு வண்டியின் தலையெழுத்தையே இந்தக் கேள்வி நிர்ணயித்துவிடும் என்பதற்கு இதே பெங்களூரில் பிறந்த ரேவா கார் சாட்சி.

மைனி குழுமமும் கலிபோர்னியாவின் அமெரிகான் நிறுவனமும் கைகோத்து 1994-ல் தொடங்கிய நிறுவனம் ரேவா. அதன் மூளை சேத்தன் மைனி. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சூரியசக்திக் காரை உருவாக்கிய மாணவர் அணியில் இருந்தவர். 2001-ல் ரேவா விற்பனைக்கு வந்தது. இரண்டு கதவுகள். முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள். வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் ஏற்றலாம். ஒரு முறை ஏற்றினால் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். அமெரிக்காவின் டெஸ்லா தன் முதல் காரை வாடிக்கையாளருக்குக் கொடுக்க அப்போது இன்னும் 7 ஆண்டுகள் பாக்கி.

பெங்களூர் அதை வேடிக்கை பார்த்தது. வாங்கிக்கொண்டது லண்டன். அதற்குக் காரணம் ஒரு விதி. 2003 பிப்ரவரியில் லண்டன் நிர்வாகம் நகரின் மையப் பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு நாள் ஒன்றுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் விதித்தது. மின்சார வண்டிகளுக்கு விலக்கு. மறு ஆண்டே 'ஜீ-விஸ்' என்ற பெயரில் ரேவா அங்கே ஓடத் தொடங்கியது. தினமும் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைத்தவர்கள் குட்டிக் காரைத் தேடி வந்தார்கள்.

இன்னொரு விதியும் கைகொடுத்தது. ஐரோப்பியச் சட்டத்தில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே 'குவாட்ரிசைக்கிள்' என்றொரு இனம் இருந்தது. பேட்டரியைச் சேர்க்காமல் 400 கிலோ எடைக்குள், 15 கிலோவாட் திறனுக்குள் இருக்கும் நான்கு சக்கர வண்டிகள் அதில் அடங்கும். ரேவா அதில் கச்சிதமாகப் பொருந்தியது. கார்களுக்கு உரிய மோதல் சோதனை இந்த இனத்துக்குக் கட்டாயமில்லை.

பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது. 2007-ல் பிரிட்டனில் நடத்தப்பட்ட மோதல் சோதனைகளின் முடிவுகள் வெளியானபோது, உள்ளே இருப்பவர்களின் கதி என்னவாகும் என்று பத்திரிகைகள் கேள்வி எழுப்பின. நிறுவனம் காரின் உடலமைப்பை வலுப்படுத்தி அடுத்த ஆண்டு புதிய மாதிரியைக் கொண்டுவந்தது. ஆனாலும் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. எந்த விதி காரைத் தூக்கி நிறுத்தியதோ அதே விதியின் ஓட்டைதான் அதைச் சாய்க்கவும் செய்தது.

சொந்த நாட்டில் அந்தத் தூக்கலும் கிடைக்கவில்லை. கார் வந்து 9 ஆண்டுகள் கழித்து, 2010-ல்தான் மத்திய அரசு மின்சார வாகனங்களுக்கு மானியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2012 மார்ச்சில் அதுவும் முடிந்தது. 2010-ல் ரேவாவின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிய மகிந்திரா, அதன் வாரிசான 'இ2ஓ' காரை 2013 மார்ச்சில் வெளியிட்டபோது மத்திய மானியம் கைவசம் இல்லை. அடுத்த திட்டமான 'ஃபேம்' 2015 ஏப்ரலில்தான் வந்தது. ரேவாவின் மொத்த விற்பனை, உலகம் முழுவதையும் சேர்த்தும், 5,000-ஐத் தொடவில்லை.

ரேவாவுக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல இது. புணேயின் பஜாஜ் நிறுவனம் ஆட்டோவுக்கு மாற்றாக ஒரு நான்கு சக்கர வண்டியை 2012 ஜனவரியில் காட்சிக்கு வைத்தது. அதை எந்த இனத்தில் சேர்ப்பது என்று முடிவெடுப்பதற்குள் வழக்குகள், எதிர்ப்புகள், அறிவிக்கைகள். வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த வண்டி, 'க்யூட்' என்ற பெயரில் இந்தியச் சந்தைக்கு வந்தது 2019 ஏப்ரலில்.

விதி தெளிவாக இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பெங்களூர் சாலைகளிலேயே பார்க்கலாம். 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் கொண்ட மின்சார இருசக்கர வண்டியைச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்று கருதுவதில்லை. எனவே பதிவு வேண்டாம், லைசென்சும் வேண்டாம். 2017-ல் தொடங்கப்பட்ட பெங்களூர் நிறுவனம் யூலு இந்த வரம்புக்குள் வாடகை வண்டிகளை இறக்கியது. இன்று உணவுப் பொட்டலங்களைச் சுமக்கும் இளைஞர்கள் பலருக்கு அதுவே பிழைப்பு.

இதற்கு நேர்மாறானது பைக் டாக்ஸி விவகாரம். மின்சார பைக் டாக்ஸிகளுக்காக 2021-ல் கர்நாடக அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் அதே அரசு வாபஸ் வாங்கியது. பெண்களின் பாதுகாப்பும் ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்களுடனான மோதல்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. உரிய விதிகளை அரசு வகுக்கும்வரை பைக் டாக்ஸிகள் ஓடக் கூடாது என்று 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். அவகாசம் முடிந்த ஜூன் 16 அன்று வண்டிகள் நின்றன. மேல்முறையீடுகள் ஒரு பக்கம் நடக்க, தவணை கட்டி வாங்கிய பைக்கை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வேறு வேலை தேடியவர்களுக்குச் சட்ட நுணுக்கம் புரிந்ததோ என்னவோ, நஷ்டம் நன்றாகவே புரிந்தது.

அரசின் தயக்கத்தை வெறும் மந்தம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2022 கோடையில் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றி எரிந்த பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. விதி முந்தியிருக்கக் கூடாதா என்று அன்று எல்லோருமே கேட்டார்கள். ஸ்டியரிங்கே இல்லாத 'இசட்பாட்' வண்டியை பெங்களூரின் மைனஸ் ஜீரோ நிறுவனம் 2023 ஜூனில் காட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, ஓட்டுநர்கள் வேலை இழப்பார்கள் என்பதால் தானியங்கிக் கார்களை இந்தியாவில் அனுமதிக்கப்போவதில்லை என்று மீண்டும் திட்டவட்டமாகச் சொன்னார். 2017-லேயே அவர் சொன்னதுதான். ஸ்டியரிங்கைப் பிடித்துக் குடும்பம் நடத்துபவருக்கு இது ஆறுதல். ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பவருக்கு மூடிய கதவு.

அனுமதிக்கும் தடைக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கலிபோர்னியா மாநிலம் தானியங்கிக் கார்களுக்கு 2014 முதல் சோதனை அனுமதி வழங்குகிறது. விபத்து நேர்ந்தால் நிறுவனம் கணக்குச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பாதசாரி க்ரூஸ் நிறுவனத்தின் காரில் சிக்கி இழுத்துச் செல்லப்பட்டபோது, அதே மாதமே அந்த நிறுவனத்தின் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. மற்ற நிறுவனங்களின் கார்கள் தொடர்ந்து ஓடின. கொடுத்ததைத் திரும்பப் பெற முடியும் என்ற தைரியம் இருந்தால் கொடுப்பதற்கும் தைரியம் வரும்.

அந்த வகையில் பறக்கும் டாக்ஸியின் ஜாதகம் ரேவாவைவிடக் கொஞ்சம் மேல். சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம், அது இறங்கி ஏறும் தளங்களுக்கான வழிகாட்டுதல்களை 2024-லேயே வெளியிட்டுவிட்டது. வண்டி பறப்பதற்கு முன்பே விதி பிறப்பது இந்தியாவுக்குப் புதிது. ஆனால் தளம் வேறு, வண்டி வேறு. பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ் வாங்குவதுதான் உண்மையான மலையேற்றம். அதில் எவ்வளவு சீக்கிரம் என்பதைவிட எவ்வளவு ஒழுங்காக என்பதே முக்கியம். அவசரமாகக் கொடுத்த சலுகை என்ன செய்யும் என்பதை லண்டன் காட்டியது. தாமதமாக வந்த சலுகை என்ன செய்யும் என்பதைப் பெங்களூர் தன் சொந்தக் காரை வைத்தே கற்றுக்கொண்டிருக்கிறது.