கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இரும்புக்கை

நண்பன் ஒருத்தன் சென்னையில் காமிக்ஸ், மாங்கா, சூப்பர்ஹீரோ பொம்மை, டி-ஷர்ட் எல்லாம் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறான். வாடகைக்கே திணறல். "தெருவுல இத்தனை பேர் போறாங்க, ஒருத்தன்கூட திரும்பிப் பார்க்கறதில்லடா. இப்படியே போனா தீபாவளிக்குள்ள மூடிடுவேன்" என்றான். போய்ப் பார்த்தேன். ஆறடி ஷோகேஸுக்குள் நூறு பொருளாவது இருக்கும். பேட்மேன் தோளில் பிகாச்சு உட்கார்ந்திருந்தது.

"நிறைய வெச்சாத்தானே சரக்கு இருக்குன்னு தெரியும்?" என்று கேட்டான். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

முதலில் மாட்டியவர் எல். ஃபிராங்க் பாம். ஆமாம், 'ஓஸ் மந்திரவாதி' கதையை எழுதியவரேதான். டகோட்டாவில் இவர் நடத்திய பரிசுப்பொருள் கடை 1890-இல் திவாலானது. பிறகு பீங்கான் சாமான் விற்கும் சேல்ஸ்மேனாக ஊர் ஊராக அலைந்திருக்கிறார். 1897-இல் சிகாகோவில் கடை ஜன்னல் அலங்காரத்துக்கென்றே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். ஓஸ் கதை வந்த அதே 1900-இல் ஜன்னல் அலங்காரம் பற்றியும் ஒரு புத்தகம் போட்டார். சரக்கை அடுக்குவதைவிட, அசைகிற பொருள், மின்விளக்கு, கண்கட்டு வித்தை இவற்றில்தான் அவருக்கு ஆர்வம். நிற்க வைக்கணும், அப்புறம்தான் விற்பனை.

அடுத்து ஆண்டி வார்ஹால். 1961 ஏப்ரலில் நியூயார்க்கின் பான்விட் டெல்லர் கடை ஜன்னலில், உடை போட்ட பொம்மைகளுக்குப் பின்னால் சூப்பர்மேன், போபாய் ஓவியங்களை மாட்டினார். பிற்பாடு பாப் ஆர்ட் என்று கொண்டாடப்பட்ட படங்கள், கேலரிக்கு முன்னால் துணிக்கடை ஷோகேஸில் தொங்கியிருக்கின்றன!

சரி, நம்ம தெருவுக்கு வருவோம். இங்கே முதல் எதிரி வெயில். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே கம்மி. அதனால் கண்ணாடி பாதி முகம் பார்க்கிற கண்ணாடியாகி விடுகிறது. போகிறவர் தன் தலையைச் சீவிக்கொண்டு போய்விடுவார். நண்பன் பின்னால் கறுப்புத் துணி கட்டியிருந்தான், 'கெத்தா இருக்கும்'னு. கறுப்புப் பின்னணியில்தான் பிரதிபலிப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். அதைக் கழற்றி வெளிர் மஞ்சள் சார்ட் ஒட்டினோம். டியூப்லைட்டை எடுத்துவிட்டு இரண்டு ஃபோகஸ் லைட், மேலிருந்து சாய்வாக, பொருள்மேல் மட்டும் விழுகிற மாதிரி. வெளியே ஒரு ஷேடும் இறக்கினோம். மதியம் இரண்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் திண்டாட்டம்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஜம்மென்று தெரிகிறது.

அதே வெயில் அட்டைப் பெட்டிகளின் சிவப்பையும் வெளுக்க வைக்கும். சேகரிப்பாளர்களுக்குப் பெட்டியும் முக்கியம், வெளுத்தால் வாங்கமாட்டார்கள். அதனால் ஷோகேஸில் நல்ல சரக்கு வைக்கவே கூடாது.

அப்போ என்ன வைப்பது? ரசிகனுக்கு ஒரு சின்னக் குறிப்பு போதும். எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூட வயதில் உயிர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் தெரியும். கதையே பாதி டிஸ்ப்ளே வேலையைச் செய்து வைத்திருக்கிறது! வளையல் கடைகளில் வைக்கிற பொம்மைக் கை ஒன்று வாங்கி சில்வர் ஸ்ப்ரே அடித்து, தூண்டில் நரம்பில் கண் உயரத்துக்குத் தொங்கவிட்டோம். விரல் ஒரு பிளக் பாயிண்டை நோக்கி நீளும். அவ்வளவுதான். பெயர்கூட எழுதவில்லை. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லட்டும், அதுதான் ரசிகனுக்கு சந்தோஷமே. கடைப் பெயர் மட்டும் கீழே.

மறுநாள் போனால் கைக்குக் கீழே ஐந்து கீசெயின், ஒரு ஸ்பைடர்மேன் டிபன் பாக்ஸ். "காலியா இருந்துச்சுடா." 1939-இல் அதே பான்விட் டெல்லரில் சால்வடோர் டாலி அமைத்த ஜன்னலைக் கடைக்காரர்கள் மாற்றினார்கள். மனுஷன் கோபத்தில் உள்ளே புகுந்து குளியல் தொட்டியைத் தள்ள, அது கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. டிபன் பாக்ஸை எடுத்து உள்ளே வைத்தேன்.

அந்த சனிக்கிழமை ஐம்பது வயதிருக்கும் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, பின்னால் இருந்த மகளிடம் கண்ணாடியைக் காட்டிப் பத்து நிமிஷம் கதை சொன்னார். அவள் கொட்டாவி விட்டாள். ஆனால் உள்ளே வந்தது அவள்தான், இரண்டு மாங்கா வாங்கினாள். அப்பா ஒன்றும் வாங்கவில்லை.

நண்பன் இந்த மாதம் வாடகையைத் தேதிக்குக் கொடுத்துவிட்டான். ஸ்கூல் லீவு மாதம் வேறு; எல்லாம் கையால்தான் என்று சொல்ல முடியாது. அடுத்த மாதம் என்ன தொங்கவிடுவது என்று இன்னும் சண்டை முடியவில்லை.