ரத்தக்குழாய்க்குள் ஓர் 'எலிப்பொறி'... ஆன்டித்ராம்பின் புரதம் எப்படி வேலை செய்கிறது?

காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால், சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து நின்றுவிடும். உறையாவிட்டால் ஆபத்து. ஆனால் காயமே இல்லாமல் கால் ரத்தக்குழாய்க்குள் உறைந்தாலும் ஆபத்துதான். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிரே போகலாம்.

இப்படி நடக்காமல் காவல் காக்கும் புரதங்களில் முக்கியமானது ஆன்டித்ராம்பின்.

எங்கே உருவாகிறது?

கல்லீரலில்தான். 432 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி இது. ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின், ஃபேக்டர் 10ஏ போன்ற நொதிகளை முடக்குவது இதன் வேலை.

வடிவம் சொன்ன ரகசியம்

புரதத்தைப் படிகமாக்கி, அதன் மீது எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால், கதிர் சிதறும் விதத்தை வைத்து அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன எனக் கணக்கிடலாம். இந்த முறையில் 1994ல் ஆன்டித்ராம்பினின் வடிவம் தெரியவந்தது.

புரதத்தின் ஒரு முனையில் வளையம் போல ஒரு பகுதி நீட்டிக்கொண்டிருக்கிறது. எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லு மாதிரி, அதுதான் இரை. த்ராம்பின் வந்து அதை வெட்டியதும், வளையம் சட்டென புரதத்தின் உடலுக்குள் நுழைந்துகொள்ளும். ஒட்டிக்கொண்ட த்ராம்பினும் மறுமுனைக்கு இழுக்கப்பட்டு, வடிவம் சிதைந்து செயலிழக்கும். பொறியையும் மறுபடி பயன்படுத்த முடியாது. ஒரு எலிக்கு ஒரு பொறி!

ஹெப்பாரின் ஊசி என்ன செய்கிறது?

சாதாரண நிலையில் அந்த வளையம் பாதி உள்ளே செருகியே இருக்கும். ஹெப்பாரின் வந்து ஒட்டினால் வெளியே வரும். அதோடு, த்ராம்பினையும் ஆன்டித்ராம்பினையும் ஹெப்பாரின் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. இதனால் த்ராம்பினை முடக்கும் வேகம் ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடுகிறது. அதாவது, ஹெப்பாரின் தானாக உறைதலைத் தடுப்பதில்லை, ஆன்டித்ராம்பினைத்தான் முடுக்கிவிடுகிறது.

குறைந்தால் என்ன ஆகும்?

சிலருக்குப் பரம்பரையாகவே இந்தப் புரதம் குறைவு. 1965ல் நார்வே மருத்துவர் ஓலாவ் எகெபர்க் இப்படி ஒரு குடும்பத்தை முதன்முதலில் பதிவு செய்தார். இவர்களில் சிலருக்கு வழக்கமான அளவு ஹெப்பாரின் போதாமல் போகலாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்க. வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே ரத்தக்கட்டி வந்திருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன்பும் கர்ப்ப காலத்திலும் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்க.